பயிற்றுநரை மாற்றுவோரும் மாணவரை மறப்போரும்

ஆண்டுதோறும் தை, மாசி மாதங்கள் பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலை மைதானங்கள் உயிர் பெறுகின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டி நம்மிடையே ஒரு விழா. இல்லங்கள் சோடிக்கப்படும், அணிநடை நிகழும், சுடர் ஏற்றப்படும், பிரதம விருந்தினர் உரையாற்றுவார், அவருடைய பாரியார் பரிசில்களை வழங்குவார். இறுதியில் நன்றியுரை கூறுபவர், பந்தல் போட்டவர் முதல் ஒலிபெருக்கி தந்தவர் வரை எல்லோரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வார். அந்த நீண்ட பட்டியலிற் பெரும்பாலும் இடம்பெறாத பெயர் ஒன்றுண்டு. விடியுமுன் மைதானத்துக்கு வந்து, பாய்தற் குழியின் மணலைக் கிளறி, பிள்ளைகளின் அடியெடுப்பை எண்ணிக்கொண்டு நின்ற பயிற்றுநரின் பெயரே அது. அடுத்த ஆண்டும் தாம் அங்கே இருப்போமா என்பது அவருக்குத் தெரியாது; அவரை நம்பிய மாணவருக்கும் தெரியாது; அவரை அங்கே நிறுத்தியவர்களோ அது பற்றிக் கவலைப்படுவதுமில்லை.

நமது பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் மெய்வல்லுநர் பயிற்றுநர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர், எவ்வாறு மாற்றப்படுகின்றனர் என்னும் வினாவை இதுவரை எவரும் பொறுப்போடு எழுப்பியதாகத் தெரியவில்லை. மைதானம் இல்லை, பாதணி இல்லை, சத்துணவு இல்லை என்று பேசுகின்றோம். இவை உண்மையே. ஆயின் மைதானமும் பாதணியும் உணவும் கிடைத்த இடங்களிலும் திறமை கருகிப்போவதைக் கண்ணாற் காண்கின்றோமே, அதற்குக் காரணம் யாது? பயிற்றுநர் என்னும் மனிதரை ஒரு நிறுவனப் பொறுப்பாகக் கருதாமல், இடமாற்றப் பட்டியலின் ஓர் எண்ணாகவோ, பணம் கொடுத்தவரின் கையாளாகவோ கருதுகின்ற நமது மனப்பான்மையே தலையாய காரணம் என்பது என் வாதம். இவ்வாதம் சிலருக்குக் கசக்கும். கசப்பினும் கூறுதல் கடன்.

இதனைக் கோப்பாயிலிருந்து எழுதுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. பருத்தித்துறை வீதியில் இருபாலைக்கும் நீர்வேலிக்கும் இடைப்பட்ட இச்செம்மண் ஊர், ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயின்று வெளியேறியோர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாடசாலைகளிற் கற்பித்து வந்துள்ளனர். யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் இங்கேயே அமைந்துள்ளது. ஆசிரியரை ஆக்குவதற்கு இரண்டு நிறுவனங்கள் உள்ள ஊரில், ஆக்கிய ஆசிரியரை உரிய இடத்தில் உரிய காலத்துக்கு வைத்திருப்பதற்கு ஒரு நெறிமுறை இல்லை என்றால், அதனை என்னென்று சொல்வது?

இங்கு ஓர் அநுபவத்தைக் கூறவேண்டும். பாடசாலையின் பெயரோ, சம்பந்தப்பட்டோரின் பெயரோ இங்கு வேண்டுவதில்லை. அவர்கள் தனிப்பட்ட முறையிற் கெட்டவர்களும் அல்லர். எமது பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் ஏழு ஆண்டுகள் ஓர் ஆசிரியர் இருந்தார். அவருடைய நியமனம் வேறு பாடத்துக்கு. மாலை வேளைகளிற் பாய்தல் நிகழ்ச்சிகளைப் பயிற்றுவித்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நொண்டிப் பாயச் செய்வார். அவர்கள் ஒன்பதாம் வகுப்பை அடையும் வரை தூரத்தை அளக்கவே மாட்டார். "அளவுநாடா வந்தால் பிள்ளை காலை மறந்துவிடும்" என்பார். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை அடி ஓடிவந்து பாய்கிறது, எந்தக் காலில் எழும்புகிறது, எந்த மாதத்தில் உயரம் கூடியது, எப்போது முழங்கால் நொந்தது என்பன எல்லாம் அதில் இருந்தன. அவருடைய முதற்குழுப் பிள்ளைகள் பதினாறு வயதை எட்டிய ஆண்டிலே, மாகாணப் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. ஒரே பாடசாலையிற் குறித்த காலத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது விதி. விதி நிறைவேறியது. அவர் தீவகத்துக்குச் சென்றார். கொப்பியும் அவருடன் சென்றது. அதனைக் கேட்டு வாங்கி வைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் நமது சமூகத்தின் குணத்தை நன்கு காட்டுவது. விளையாட்டுக்குப் பொறுப்பாக, அதில் ஈடுபாடே இல்லாத ஓர் ஆசிரியை நியமிக்கப்பட்டார். பாவம், அவர் மறுக்க முடியாமல் ஏற்றார். முடிவுகள் சரிந்தன. உடனே வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் கிளை ஒன்று பணம் அனுப்பியது. வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் ஓராண்டுக்கு அமர்த்தப்பட்டார். விளம்பரம் இல்லை, நேர்முகம் இல்லை, எழுத்தில் உடன்படிக்கை இல்லை. ஒருவருக்கு ஒருவரைத் தெரியும், அவருக்கு அவரைத் தெரியும் என்பதே தெரிவுமுறை. ஆண்டிறுதியிற் பதக்கம் வந்தாற் பணம் தொடரும். வராவிடின் நின்றுவிடும் என்பதே வாய்மொழி நிபந்தனை. அந்த மனிதர் என்ன செய்வார்? பதக்கம் தரக்கூடிய நால்வரைத் தெரிந்தெடுத்தார். எஞ்சிய முப்பது பேரையும் மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தினார். அந்த நால்வருள் ஒருத்தி முப்பாய்ச்சற்காரி. கணைக்கால் எலும்பு நோகிறது என்று அவள் சொன்னபோது, முன்னைய ஆண்டில் அதே கால் நொந்தது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அறிவதற்கு வழியும் இல்லை. கொப்பி தீவகத்தில் இருந்தது. அவள் அந்தப் பருவம் முழுவதும் பாய்ந்தாள், பதக்கமும் பெற்றாள், அதன் பின் பாயவே இல்லை. பதினேழு வயதில் ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்வு முடிந்தது. மறு ஆண்டு அப்பயிற்றுநரும் மாற்றப்பட்டார்.

இதில் யார் குற்றவாளி? இடமாற்றக் கடிதத்திற் கையொப்பமிட்டவர் விதியைக் காட்டுவார். பழைய மாணவர் தமது கொடையைக் காட்டுவர். பயிற்றுநர் தமது வயிற்றைக் காட்டுவார். அதிபர் சுற்றறிக்கையைக் காட்டுவார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் தத்தம் அளவில் நியாயமாக நடந்துகொண்டே ஒரு பிள்ளையின் காலை ஒடித்துவிட்டனர் என்பதுதான் இங்கு நோக்கற்பாலது. தனிமனிதர் நல்லவராயிருந்தும் விளைவு தீயதாயின், குறை அமைப்பிலே உள்ளது என்பது தெளிவு.

நமது முன்னோருள் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் உயரம் பாய்தலிற் பங்குபற்றினார். 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து பொற்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அதுவே. 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 2024 இல் அவர் மறைந்தபோது நாம் எழுதிய அஞ்சலிகள் பல. ஆயின் அவரது வாழ்விலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றை நாம் எழுதவில்லை. அவர் உயர்கல்வி பெற்றதும் ஐம்பதுகளிற் பாய்ந்ததும் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில். அங்கே அக்காலத்தில் மெய்வல்லுநர் அணியின் தலைமைப் பயிற்றுநராய் இருந்தவர் எல்வின் டிரேக். அவர் 1947 முதல் 1964 வரை அப்பதவியை வகித்தார்.

பதினேழு ஆண்டுகள்! இந்த எண்ணை நமது பாடசாலைகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் அமெரிக்கரான ரேபர் ஜோன்சன் 8392 புள்ளிகளோடு பொற்பதக்கமும், தாய்வானைச் சேர்ந்த யாங் சுவான்குவாங் 8334 புள்ளிகளோடு வெள்ளிப்பதக்கமும் வென்றனர். இருவரும் டிரேக்கின் மாணவர்கள்; ஒரே மைதானத்தில் ஒன்றாய்ப் பயின்றவர்கள். இறுதி நிகழ்ச்சியான 1500 மீற்றர் ஓட்டத்துக்கு முன் இருவரும் தனித்தனியே தம் ஆசிரியரிடம் வந்தனர். யாங்கிடம், அவனை விட்டு விலகி முன்னே ஓடு என்றார்; ஜோன்சனிடம், அவனை விட்டு விலகாதே என்றார். இருவருக்கும் உண்மையான அறிவுரையே வழங்கினார். ஒரு மாணவனை மட்டும் வெல்லச் செய்தாற் போதும் என்னும் நிர்ப்பந்தம் அவருக்கு இருக்கவில்லை. பதவியில் உறுதி பெற்ற ஓர் ஆசிரியனே அவ்வாறு நடுநிலையாய் இருத்தல் கூடும். ஆண்டுதோறும் தன் பிழைப்புக்கு அஞ்சுபவனால் அது இயலாது.

அயலிலும் உதாரணம் உண்டு. 1976 இல் கேரளத்துக் கண்ணூர் விளையாட்டுப் பிரிவிற் சேர்ந்த ஒரு மெலிந்த சிறுமியை ஓ. எம். நம்பியார் என்னும் பயிற்றுநர் தம் பொறுப்பில் ஏற்றார். எட்டு ஆண்டுகளின் பின், 1984 இல், லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவள் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் ஒரு செக்கனின் நூறிலொரு பங்கில் வெண்கலப் பதக்கத்தை இழந்தாள். பி. ரி. உஷா என்னும் அப்பெயரை அறியாதார் இலர். 1986 இல் சியோல் ஆசிய விழாவில் நான்கு பொற்பதக்கங்கள். இந்திய அரசு பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை 1985 இல் முதன்முறை வழங்கியபோது அதனைப் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர். எட்டாண்டுகளின் நடுவே யாரோ ஓர் அலுவலர் அவரை வேறிடத்துக்கு மாற்றியிருப்பின், உஷா என்னும் பெயர் மாவட்டச் சாதனைப் புத்தகத்தின் ஒரு மூலையில் முடிந்திருக்கக்கூடும்.

இதற்கு மறுதலையான கதையும் தமிழரிடையே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 இல் டோகா ஆசிய விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்று, பாலினப் பரிசோதனையின் பெயரால் அப்பதக்கத்தை இழந்தவர். அந்த அநீதி தனியே பேசவேண்டியது. இங்கு நான் கூறவருவது அதன் பின் நடந்தது. அவர் பயிற்றுநரானார், ஆனால் ஒப்பந்தப் பணி, அற்ப ஊதியம், நிரந்தரமின்மை. 2012 இல் அவர் செங்கற்சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்தமை நாடறிந்த செய்தியாயிற்று. பின்னர் பட்டியாலாவிற் பயிற்றுநர் பட்டயம் பெற்றுத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திற் பயிற்றுநராய் அமர்ந்தார். ஆசிய அளவில் ஓடிய ஒருவரின் அறிவு செங்கல் சுமக்கப் போனது என்றால், அது அவரது அவமானம் அன்று. பயிற்றுநர் பதவியை இரவல் நாற்காலியாய் வைத்திருந்த அமைப்பின் அவமானம்.

அமெரிக்காவை உதாரணம் காட்டியதால் அங்கே எல்லாம் செம்மை என்று நான் கூறுவதாகக் கொள்ளலாகாது. அங்கும் தோற்றவுடன் பயிற்றுநரை விலக்கும் வழக்கம் உண்டு. வருவாய் தராத விளையாட்டு என்னும் காரணத்தால் மெய்வல்லுநர் அணிகளையே கலைக்க முனைந்த பல்கலைக்கழகங்கள் உள்ளன. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2020 இல் ஆடவர் அணியை நிறுத்துவதாய் அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின் 2021 இல் அம்முடிவைக் கைவிட்டது. சம்பளமே பெறக்கூடாத "தொண்டர் பயிற்றுநர்" என்னும் ஒரு வகையைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் வைத்திருந்தது. 2023 இலேயே முதற்பிரிவில் அவ்வகை ஒழிக்கப்பட்டது. ஆயினும் அங்கு ஒன்றுண்டு: அரசப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்றுநர் எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டார் என்பது பொதுமக்கள் கேட்டறியக்கூடிய ஆவணம். பயிற்றுநர் நீங்கினால் மாணவரும் வேறு கல்லூரிக்கு மாற விரும்புவதைப் பதிவு செய்யும் முறை 2018 முதல் உண்டு. அதாவது, தவறு நிகழ்ந்தால் அது வெளிச்சத்தில் நிகழ்கின்றது. நம்மிடமோ தவறும் இருட்டில், நன்மையும் இருட்டில்.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம். முதலாவது வாதம் வலிமையானது. இடமாற்ற விதி சமத்துவத்துக்காக எழுந்தது. அது இல்லையேல் நல்லாசிரியர் எல்லாரும் நகரப் பாடசாலைகளிலே தங்கிவிடுவர். தீவகத்துக்கும் வன்னிக்கும் யார் போவார்? இதனை நான் முற்றாக ஏற்கின்றேன். கோப்பாயின் பிள்ளைக்கு உள்ள உரிமை நெடுந்தீவின் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் இவ்விதி பாடம் கற்பித்தலுக்கு வகுக்கப்பட்டது. கணித ஆசிரியர் மாறினாற் பாடநூல் மாறுவதில்லை, பாடத்திட்டம் மாறுவதில்லை, புதியவர் விட்ட அத்தியாயத்திலிருந்து தொடரலாம். மெய்வல்லுநர் பயிற்சிக்குப் பாடநூல் பிள்ளையின் உடலே. அதனை வாசிக்கக் கற்றவர் போய்விட்டால் நூலே மூடப்பட்டுவிடுகின்றது. அன்றியும், தீவகத்துக்குச் சென்ற அந்த ஆசிரியர் அங்கே பாய்தலைப் பயிற்றுவிக்கவா அனுப்பப்பட்டார்? அங்கே பாய்தற் குழியே இருக்கவில்லை. ஓரிடத்தில் விளக்கை அணைத்து, மற்றோரிடத்தில் அதனை ஏற்றாமலே வைத்திருப்பது சமத்துவம் ஆகாது. அது இருளைப் பங்கிடுதல்.

இரண்டாவது வாதம் பணம் பற்றியது. பழைய மாணவர் தரும் பணத்தையும் குறைகூறினாற் பாடசாலை எவ்வாறு நடக்கும் என்பர். கொடையை நான் குறைகூறவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குளிரில் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தாம் ஓடிய மைதானத்துக்கு அனுப்புவோரின் அன்பு போற்றத்தக்கது. ஆயின் கொடுப்பவர் கையிலே தெரிவும் நீக்கமும் இருக்குமாயின், பயிற்றுநர் பாடசாலைக்கு ஊழியர் அல்லர், கொடையாளிக்கு ஊழியர். கொடையாளி காண்பது முகநூலில் வரும் பதக்கப் படத்தை மட்டுமே. மைதான ஓரத்தில் நிறுத்தப்பட்ட முப்பது பேர் அப்படத்தில் இல்லை. செல்வமுள்ள கிளைகளைக் கொண்ட நகரக் கல்லூரி அயற்கிராமத்துப் பயிற்றுநரைக் கூடிய பணத்துக்கு அழைத்துக்கொள்வதும், அவரோடு அவர் வளர்த்த பிள்ளைகளும் உயர்தரத்துக்கு அங்கே போய்விடுவதும் நாம் அறியாதன அல்ல. விதைத்தது ஒரு தோட்டம். அறுவடை வேறொரு களஞ்சியத்தில். பின்பு அக்கிராமப் பாடசாலையைப் பார்த்து, அங்கே திறமை இல்லை என்கின்றோம்.

மூன்றாவது வாதம் நம்முடைய பெற்றோருடையது: ஓட்டமும் பாய்ச்சலும் சோறு போடுமா? பரீட்சைதான் முக்கியம். இவ்வாதத்தைக் கூறுவோர், விசேட திறமையுடையோருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழங்கும் விசேட அனுமதியையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை விடுக. இரண்டு மணிநேரம் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பவே செய்கின்றோம். அந்த இரண்டு மணிநேரம் யாருடைய பொறுப்பில் என்று கேளாதிருப்பது எந்தப் பரீட்சைக்கு நன்மை தரும்? தனியார் கல்வி நிலையத்துப் பௌதிக ஆசிரியர் யார், அவருடைய பெறுபேறு யாது என்று ஊரெல்லாம் விசாரிக்கும் நாம், பருவமடைந்த பெண்பிள்ளையின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பானவர் யாரால், எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார் என்று ஒருநாளும் விசாரிப்பதில்லை. கண்டறியாத ஒருவர் கண்டறியாத நிபந்தனையில் வந்து போவதில் உள்ள ஆபத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவது வாதம்: நீண்ட காலம் ஓரிடத்தில் இருக்கும் பயிற்றுநர் சிற்றரசர் ஆகிவிடுவார், கொடுமை செய்தாலும் கேட்பார் இரார். இதுவும் உண்மையே. அதனாலேதான் காலவரையறையும் மீளாய்வும் வேண்டும் என்கின்றேன். நிலைபேறு வேறு, தட்டிக்கேளாமை வேறு. இன்றுள்ள முறையில் நல்லவர் நிலைப்பதுமில்லை, கெட்டவர் கேட்கப்படுவதுமில்லை. இரண்டு தீமையையும் ஒருங்கே பெற்றிருக்கின்றோம்.

இவ்விடத்திற் பயிற்றுநரைத் தெரிவு செய்யும் அளவுகோல் பற்றியும் ஒரு சொல். எத்தனை பதக்கம் பெற்றுக் கொடுத்தீர் என்பதே நமது முதற்கேள்வி; பெரும்பாலும் ஒரே கேள்வி. இருபது வயதுப் பிரிவிற் பதக்கம் பெறும் பிள்ளையின் அடித்தளம் பதினான்கு வயதுப் பிரிவில் இடப்பட்டது. ஓட்டப்பாதையில் தடைகளுக்கிடையே அடியெண்ணிக்கையைப் பழக்கியவர் ஒருவர். பதக்க நாளன்று பக்கத்தில் நின்று படமெடுத்தவர் இன்னொருவர். பதக்கத்தை எண்ணி நியமிப்போர், பின்னவருக்கே பதவியை வழங்குகின்றனர். ஆகவே கெட்டிக்காரப் பயிற்றுநர் அடித்தளம் இடுவதை விட்டு, விளைந்த பயிரைத் தேடிப் போகக் கற்றுக்கொள்கின்றார். சான்றிதழும் தனியே போதாது. உலக மெய்வல்லுநர் சங்கத்தின் படிநிலைப் பயிற்சிநெறிகளும், தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் கற்கைகளும் மிக வேண்டியவையே; ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு மணிநேரம் அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். எத்தனை பிள்ளை சும்மா நின்றது, எத்தனை பிள்ளை சிரித்தது, நொண்டிய பிள்ளையை அவர் கண்டாரா என்று பாருங்கள். அதைவிடச் சிறந்த நேர்முகப் பரீட்சை இல்லை.

தொடர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. கோலூன்றிப் பாய்தலைப் பாருங்கள். அதற்கு விலையுயர்ந்த கோலும் மெத்தையும் வேண்டும், உயிராபத்தும் உண்டு, ஒரு பருவத்தில் எவரும் கற்றுவிட முடியாது. வறிய பாடசாலைக்கு ஒவ்வாத நிகழ்ச்சி என்றே எவரும் சொல்வர். ஆயினும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலிருந்து வந்த அருந்தவராசா புவிதரன் ஆண்கள் பிரிவிற் சாதனை படைத்தார். போரையும் இடப்பெயர்வையும் கண்ட மண்ணில் இது எவ்வாறு நிகழ்ந்தது? பருவம் தோறும் கைவிடாமற் கற்பித்தவர்கள் அங்கு இருந்தனர். அவர்களை அப்பாடசாலைகள் காத்துக்கொண்டன. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் சில. முதலாவதாக, ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே ஆளைத் தேடாமல், ஒவ்வொரு கல்விக் கோட்டத்துக்கும் ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகிய மூன்றுக்கும் பொதுவான பயிற்றுநர் பதவிகளை மாகாணக் கல்வி நிருவாகம் உருவாக்கவேண்டும். கோப்பாய்க் கோட்டத்தின் சிறிய பாடசாலைகளும் அதனாற் பயன்பெறும். இரண்டாவதாக, அப்பதவிகள் பத்திரிகையில் விளம்பரம் செய்யப்பட்டு, மைதானத்திற் செயல்முறைப் பரீட்சை நடத்தி நிரப்பப்படவேண்டும். மூன்றாவதாக, நியமனம் எழுத்தில் நான்கு ஆண்டுகளுக்கு இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மீளாய்வு நிகழவேண்டும். மாற்றம் எதுவாயினும் போட்டிப் பருவம் முடிந்த பின்னரே நிகழவேண்டும். நான்காவதாக, பயிற்சிக் குறிப்பேடு மாணவரின் உடைமையாய்ப் பாடசாலையிற் பேணப்படவேண்டும். போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது ஒரே மைதானத்தில் ஒன்றாய் நிற்கவேண்டும். ஐந்தாவதாக, பெண்பிள்ளைகளின் பயிற்சியின்போது ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்கவேண்டும். பெண் பயிற்றுநர்கள் கூடுதலாக நியமிக்கப்படவேண்டும். முறைப்பாட்டைப் பாடசாலைக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரிக்கவேண்டும். ஆறாவதாக, பழைய மாணவரின் கொடை பொதுநிதிக்குச் செல்லவேண்டும்; எந்தப் பயிற்றுநரின் பெயரோடும் எந்தப் பதக்கத்தோடும் அது பிணைக்கப்படலாகாது.

இவற்றுள் எதற்கும் புதிய அரங்கம் வேண்டுவதில்லை. 2016 இல் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆனால் அரங்கு ஓடாது, ஓடுவது பிள்ளை. பிள்ளையை ஓடச் செய்பவர் ஒரு மனிதர். அவருக்கு ஒரு கடிதம், ஒரு காலவரையறை, ஒரு நியாயமான ஊதியம் வழங்குவதற்குச் சீமெந்தும் இரும்பும் தேவையில்லை.

இறுதியாக, இச்சஞ்சிகையை வாசிக்கும் பல்கலைக்கழகத்தாராகிய நம்மையும் பற்றி. பாடசாலைகளைக் குறைகூறும் நாம் தூயவர்களா? நமது மைதானங்களுக்கும் மணித்தியாலக் கொடுப்பனவுக்கு வந்துபோகும் பயிற்றுநர்கள் இல்லையா? பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழா நெருங்கும்போது மட்டும் அவர்களைத் தேடிப்பிடித்து, விழா முடிந்ததும் மறந்துவிடுவதில்லையா? ஒரு விரிவுரையாளரை நியமிக்க எத்தனை படிவம், எத்தனை குழு, எத்தனை நேர்முகம்! மாணவரின் உடலைப் பொறுப்பேற்பவரை நியமிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும் என்று கருதும் பல்கலைக்கழகம், உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்ப்பது கல்வி என்று பட்டமளிப்பு விழாவிற் பேசும் தகுதியை இழந்துவிடுகின்றது. விளையாட்டுக் குழுவில் மாணவப் பிரதிநிதிகள் இருக்கின்றனர். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு வினாவை எழுப்பட்டும்: நம் பயிற்றுநரின் நியமனக் கடிதம் எங்கே?

அந்த முப்பாய்ச்சற்காரியை அண்மையில் இருபாலைச் சந்தியிற் கண்டேன். ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றாள். கால் எப்படி என்றேன். மாரியில் நோகும், சேர் என்றாள். பின்பு, தீவகத்துக்குப் போன சேரிடம் அந்தக் கொப்பி இன்னும் இருக்குமா என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன விடை கூறுவது? அந்த விடையைக் கூறவேண்டியவர்கள் வேறு. அவர்களை நோக்கியே இக்கட்டுரை.